சாவுக்கு முந்தி வெந்த கோழி

டெய்லர் தெருவில் இரண்டாம் மாடியில் இருந்த வேனெராவின் வீட்டில், குளிக்கும் தொட்டியில் யாரும் குளித்ததில்லை. அதில் ஊறல் கிடந்தது. சோளமும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்ந்து நுரைத்துப் பொங்கும். மேலே பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடி வைத்திருப்பாள். குழந்தை அகாத்தாவைக் குளிப்பாட்டத் தகர வாளிதான். அடுக்களையில் பாதியைச் செம்பு அண்டா அடைத்துக்கொண்டிருந்தது. அதன் தலையிலிருந்து ஒரு குழாய் பாம்பு மாதிரி சுருண்டு இறங்கித் தகர டின்னில் சாராயத்தைச் சொட்டும்.

மதுவிலக்கு வந்தபின் அந்தத் தெருவில் பாதி வீடு இப்படித்தான். அதற்கு முன்பு வேனெரா வீட்டிலிருந்தே கோட்டுகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். மாலைக்குள் கண் எரிந்துவிடும். இதில் அந்தத் தொல்லை இல்லை. அடுப்பு அணையாமலும் அண்டா கொதித்து வழியாமலும் பார்த்துக்கொண்டால் போதும். மற்றதையெல்லாம் தெருவின் சாராயத் தொழிலைக் கையில் வைத்திருந்த டான் லிபோரியோவின் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். சர்க்கரை மூட்டை வரும், டின்கள் போகும். ரோந்து போலீஸ்காரன் படியில் நின்று மூக்கை உறிஞ்சி, "என்னம்மா, ரொட்டி மாவு புளிச்சுப் போச்சா?" என்பான். "ஆமாங்க, புளிச்சுத்தான் போச்சு," என்பாள் வேனெரா. அவன் சிரித்துக்கொண்டே டானின் கடைக்குப் போய்த் தன் பங்கை வாங்கிக்கொள்வான்.

வேனெரா சிசிலியில் எட்னா மலையடிவாரத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள். சத்தம் போட்டுச் சண்டை பிடித்து அவளை யாரும் பார்த்ததில்லை. கோபம் வந்தால் பாத்திரம் துலக்குவாள். எலுமிச்சைத் தோலும் உப்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, செம்புச் சட்டியில் முகம் தெரியும்வரை விடமாட்டாள். கணவன் கஸ்பாரே வீட்டுக்குள் வரும்போதே அடுக்களையை எட்டிப் பார்ப்பான். சட்டிகள் பளபளவென்றிருந்தால் தொப்பியைக் கழற்றாமல், "நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்பான்.

டின்களை எடுத்துப் போக வருகிறவன் ரொசொலீனோ. எதிர்வீட்டுக்காரன். அகாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பனும் அவன்தான். அன்று முதல் அவன் இந்த வீட்டுக்குக் கும்பாரி. வேனெரா அவனுக்குக் கும்மாரி. அவன் மனைவி நுன்சியாவும் இவளுக்குக் கும்மாரிதான். அவர்கள் ஊரில் கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், பேசாமல்கூட இருக்கலாம். கும்பாரிமேல் கை வைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றிக் கட்டிய உறவை முறித்தவனுக்கு நரகத்திலும் தனி இடம் என்பார்கள்.

கல்லறைத் திருநாள் கழிந்த வாரம் கஸ்பாரே இறந்தான்.

காலையில் காப்பி குடித்துவிட்டு, மகளின் காலைக் கடிப்பதுபோல் பாவனை காட்டிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போனான். சில நாளாகவே அவன் முகம் சரியாக இல்லை. என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல. ஒரு ஆளு சரியில்ல. நீ கேக்காத," என்று சொல்லியிருந்தான். ரயில் பாதைப் பக்கம் டானின் சரக்கை ஏற்றப் போன இடத்தில் அவனைச் சுட்டுப் போட்டிருந்தார்கள். தோல் பட்டறையில் மத்தியானச் சங்கு ஊதிக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. கொண்டுவந்தவன் ரொசொலீனோ. தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு வாசலில் நின்று குழந்தைபோல் அழுதான்.

"வடக்குத்தெரு ஐரிஷ்காரப் பசங்க கும்மாரி! எங்கும்பாரிய நாயச் சுடற மாதிரி சுட்டுட்டானுங்க!"

தெருப் பெண்கள் திரண்டு வந்தார்கள். கண்ணாடியைத் திருப்பி வைத்தார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள். கீழ்வீட்டுத் தித்தா அத்தை வேனெராவின் கொண்டையை அவிழ்த்துவிட்டு, அடுக்களைக்குப் போய் அடுப்பை அணைத்தாள். செத்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. மூன்று நாள் அக்கம்பக்கம்தான் ஆக்கிப் போடும். முதல் சோறு ஞானஸ்நானச் சொந்தத்திலிருந்து வரவேண்டும்.

வந்தது. கஸ்பாரேயின் உடல் இன்னும் வீடு வந்து சேரவில்லை. அழுத பெண்களுக்குத் தொண்டைகூடக் காயவில்லை. அதற்குள் நுன்சியா தலையில் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு, ஓரம் பெயர்ந்த நீல எனாமல் பாத்திரத்தைத் துணியால் பிடித்தபடி தெருவைக் கடந்து வந்தாள். கோழிச்சாறு. சின்னச் சின்ன மாவு மணிகள் போட்டது.

"ஒரு வாய் குடிங்க கும்மாரி. பால் குடிக்கிற புள்ளை இருக்கு," என்றாள் நுன்சியா. வேனெராவின் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்.

வேனெரா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தித்தா அத்தைதான் மூக்கைப் பிடிக்காத குறையாக ஒரு கரண்டியை உள்ளே செலுத்தினாள்.

அழுகிற வாய்க்கும் நாக்கு உண்டு. சாறு பொன்னிறமாகத் தெளிந்திருந்தது. மேலே கொழுப்பு காசு காசாக மிதந்தது. முற்றின கோழி, தொட்டதும் சதை எலும்பைவிட்டுக் கழன்றது. இப்படி ஒரு கோழி வேக வேண்டுமானால் விடியும்போதே அடுப்பில் ஏறியிருக்க வேண்டும். விடியும்போது கஸ்பாரே இந்த நாற்காலியில் உட்கார்ந்து காப்பியில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தான்.

வேனெரா விழுங்கினாள். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக் குடித்தாள். பெண்கள், "அப்பாடா, சாப்பிடறா," என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் ருசி பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரத்தில் இறக்கியதல்ல, பொறுமையாக, சிறு தீயில், கசடு எடுத்து எடுத்துக் காய்ச்சியது.

அன்று மாலையே ரொசொலீனோ அடுக்களைக்குள் வந்தான். "கும்மாரி, மனசு ஆறாதுதான். ஆனா அண்டா அடுப்பு நிக்கக் கூடாது, ஊறல் கெட்டுப்போகும். டான் உத்தரவு," என்று சொல்லி அவனே குனிந்து தீக்குச்சி கிழித்தான். கூடத்தில் பிணம். அடுக்களையில் அவன் மூட்டிய நெருப்பு. வேனெரா அந்த நீலச் சுடரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க மூட்டுனதே போதும் கும்பாரி. இனி நான் பாத்துக்கறேன்," என்றாள்.

சவ ஊர்வலத்துக்கு டான் லிபோரியோ ஆள் உயர மலர்வளையம் அனுப்பினார். சவக்குழி ஓரத்தில் ரொசொலீனோ பெட்டியைத் தட்டி, "உன் ரத்தத்துக்கு நான் பொறுப்பு!" என்று கத்தினான். பெண்கள் அவனுக்காகவும் சேர்த்து அழுதார்கள். வேனெரா அழவில்லை. புருஷன்மேல் பாசமில்லாதவள் என்று பேச்சு கிளம்பியது.

செத்த வீட்டுக்குச் சாப்பாடு போன பாத்திரத்தைக் கொடுத்தவர்களே வந்து வாங்கிப் போக வேண்டும் என்பது முறை. செத்த வீட்டார் கொண்டுபோய்க் கொடுத்தால் பின்னாலேயே சாவும் போகும். நீலப் பாத்திரத்தைக் கேட்டு நுன்சியா வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை, மாதம் முடிந்தும் வரவில்லை. வேனெரா அதை எடுத்து, உப்பும் எலுமிச்சையும் போட்டுத் துலக்கி, அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். வாரத்துக்கொரு முறை மறுபடி எடுத்துத் துலக்கினாள்.

யார் என்பது நாக்குக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் தெரிந்தது. டின்களை எண்ணி ஏற்றிவிட்டு ரொசொலீனோ தயங்கி நின்றான்.

"ஒரு சின்ன ஏற்பாடு கும்மாரி. முன்ன கும்பாரி செஞ்சதுதான். ஒவ்வொரு தடவையும் ரெண்டு டின்ன மட்டும் பின்பக்கப் படிக்கட்டுக்கு அடியில ஒதுக்கி வச்சிருங்க. நான் தனியா வந்து எடுத்துக்கறேன். டானுக்கு வேண்டிய ஒருத்தருக்குப் போகுது. வெளிய மூச்சு விடாதீங்க."

'ஒரு ஆளு சரியில்ல.' கஸ்பாரேயின் குரல் அவள் காதருகே கேட்டது. இந்தத் திருட்டைக் கண்டுபிடித்ததற்குத்தான் அவனுக்குக் குண்டு.

"அதுக்கென்ன கும்பாரி," என்றாள். "உட்காருங்க, பீன்ஸ் சூப்பு இருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க."

அவன் சாப்பிட்டான். அதன்பின் வரும்போதெல்லாம் சாப்பிட்டான். கஸ்பாரேயின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, ரொட்டியால் தட்டை வழித்து, "எங்க வீட்டுக்காரிக்கு இந்தக் கைப்பக்குவம் வராது," என்பான். அகாத்தாவை மடியில் வைத்து ஆட்டுவான். குழந்தை அவன் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரிக்கும். வேனெரா இன்னொரு கரண்டி ஊற்றுவாள். தித்தா அத்தை இதைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, கறுப்புத் துணி சாயம் வெளுக்கல, அதுக்குள்ள அடுத்தவ புருஷனுக்கு ஆக்கிப் போடறியா?" என்று மாடிப்படியில் வைத்துக் கேட்டாள்.

"கோழியக் கொழுக்க வைக்கிறேன் அத்தை," என்றாள் வேனெரா. தித்தா அத்தை சிலுவை போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

இதை டானிடம் சொல்ல வேண்டும். ஆனால் என்னவென்று சொல்வது? சாறு நன்றாக இருந்தது என்றா? ஒரு விதவையின் நாக்கைச் சாட்சியாக வைத்து டான் தன் ஆளைக் கொல்லமாட்டார். அவருக்குக் கையில் பிடித்துப் பார்க்க ஒன்று வேண்டும்.

வேனெரா சோம்பு வாங்கினாள். காட்டுச் சோம்பு, ஊரிலிருந்து வருவது, மத்தி மீன் குழம்பில் போடுவார்களே அது. துணியில் முடிந்து, ஒதுக்கி வைக்கும் இரண்டு டின்களில் மட்டும் போட்டு ஊறவைத்து, ரொசொலீனோ வருவதற்குமுன் முடிச்சை எடுத்துவிடுவாள். டானுக்குப் போகும் டின்களில் வாசனையே இருக்காது. ரொசொலீனோவுக்கு எப்போதும் சளி, சுருட்டு வேறு. அவனுக்குத் தெரியாது. குளிர்காலம் முழுக்க அப்படியே போயிற்று.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலை, குழந்தையைத் தித்தா அத்தையிடம் விட்டுவிட்டு டானின் கடைக்குப் போனாள். வெளிப் பார்வைக்கு அது ஆலிவ் எண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்கும் கடை. டான் லிபோரியோ பின்கட்டில் கம்பளி மேலங்கியோடு உட்கார்ந்து உப்பு நெத்திலியின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"கஸ்பாரே பொண்டாட்டியா? உட்காரு மகளே. குறை ஏதும் இருக்கா?"

"இருக்கு டான். எம் புருஷன ஐரிஷ்காரன் சுடல."

அவர் முள்ளை எடுப்பதை நிறுத்தவில்லை. "பொறவு?"

அவள் ரொசொலீனோ ஒதுக்கச் சொன்ன இரண்டு டின்களைப் பற்றிச் சொன்னாள், சோம்பைப் பற்றிச் சொன்னாள். "உங்க கடை ஒண்ணுலகூட அந்த வாசனை இருக்காது. எங்க மணக்குதோ, அங்கதான் எம் புருஷன் ரத்தத்த வித்திருக்கான். நீங்களே மோந்து பாருங்க."

"அது திருட்டு மகளே. சுட்டதும் அவன்தான்னு எப்படிச் சொல்ற?"

அப்போதுதான் கோழிச்சாறைப் பற்றிச் சொன்னாள். டானின் கை நின்றது.

"மடையன்," என்றார். "பொம்பளைங்க அழுவாங்கன்னு நெனச்சான். ருசி பாப்பாங்கன்னு நெனைக்கல. நீ வீட்டுக்குப் போ. எப்பவும்போல இரு."

எப்பவும்போல இருந்தாள். தவக்காலம் தொடங்கி, இறைச்சி நின்றுபோய், ரொசொலீனோவுக்கு உப்புக் கருவாடும் பருப்பும் போட்டாள். அவன் பக்தியோடு நோன்பு இருந்தான். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து, "மண்ணா இருந்தோம், மண்ணாப் போவோம், இல்லையா கும்மாரி?" என்று பெருமூச்சு விட்டான். "சீக்கிரமே," என்றாள் வேனெரா.

குருத்தோலை ஞாயிறுக்கு முன் டான் ஆள் அனுப்பினார். பின்கட்டு மேசையில் ஒரு புட்டி இருந்தது. வடக்குத்தெரு ஐரிஷ் மதுக்கடையிலிருந்து வந்தது. அவர் மூடியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். வேனெரா குனிந்து மோந்தாள். அவள் வீட்டு அடுக்களை மணந்தது. ஊர் மணந்தது.

"கடைக்காரனே ரொசொலீனோ பேரையும் சொல்லிட்டான்," என்றார் டான். "இப்ப தவக்காலம். ஆண்டவர் பாடுபடுற நேரத்துல நாம ஒண்ணும் செய்யக் கூடாது. ஈஸ்டர் போகட்டும். உனக்கு வேற என்ன வேணும்? சொல்லு."

"என்னைக்குன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க."

"எதுக்கு?"

"கோழி வேகணும்."

டான் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவன் பாத்துட்டு ஓடிட்டான்னா?"

"ஓடட்டும் டான். முன்வாசல்ல உங்க ஆளுங்க, பின்படியில உங்க ஆளுங்க. எம் புருஷன் எதுக்குன்னு தெரியாமச் செத்தான். இவன் தெரிஞ்சு சாகணும்."

டான் கையை ஆட்டி அவளை அனுப்பிவிட்டார். அவள் வெளியேறிய பிறகு, தன் மனைவியிடம் எதற்கும் கொஞ்சம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று அவர் கடைப்பையனிடம் சொன்னதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை. வேனெரா விடிவதற்குள் எழுந்து, முந்தைய நாள் வாங்கிவைத்த முற்றின கோழியை நீலப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். சிறு தீ. கசடு எடுத்தாள். செலரி, கேரட், ஒரு தக்காளி. வாசனை படிக்கட்டு வழியாக இறங்கியது. தித்தா அத்தை மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள்.

"யாருடி செத்தது? எனக்கு ஒருத்தரும் சொல்லலியே!"

"இன்னும் யாரும் சாகல அத்தை."

அத்தை அடுப்பைப் பார்த்தாள். நீலப் பாத்திரத்தைப் பார்த்தாள். அது யாருடைய பாத்திரம் என்று அவளுக்குத் தெரியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே போய்க் கதவைச் சாத்தினாள்.

மத்தியானச் சங்கு ஊதியதும் வேனெரா தலையில் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு, பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தெருவைக் கடந்தாள். ரொட்டிக்கடை வாசலில் ஒரு கார் நின்றது. உள்ளே இருந்தவர்கள் தொப்பியைத் தாழ்த்தினார்கள்.

நுன்சியா கை நிறைய மாவோடு கதவைத் திறந்தாள். பாத்திரத்தைப் பார்த்ததும் மாவு பூசிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது. உள்ளே ரொசொலீனோ, தொங்கும் காற்சட்டைத் தோள்பட்டியோடு, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டிருந்தான்.

"யாரு? எங் கும்மாரியா? என்ன அதிசயம், வாங்க வாங்க!"

"உங்க பாத்திரம் ரொம்ப நாளா எங்க வீட்டுல கிடந்துச்சு. வாங்க வருவீங்க வருவீங்கன்னு பாத்தேன்," என்றாள் வேனெரா. மேசைமேல் வைத்தாள், மூடியைத் திறந்தாள். "சூடு ஆறிடப் போகுது கும்மாரி. கோழி நல்லா வெந்திருக்கு. விடியும்போதே ஏத்துனது."

ரொசொலீனோ சிரித்தான். "என்ன இது, யாரு வீட்டுலயாவது சாவா..."

சிரிப்பு பாதியில் நின்றது. அவன் பாத்திரத்தைப் பார்த்தான். அதில் மிதக்கும் கொழுப்பைப் பார்த்தான். சவரக் கத்தி சோப்புத் தண்ணீரில் விழுந்தது.

"கும்மாரி, நான்... அகாத்தாவ நான் கையில ஏந்தியிருக்கேன். தண்ணி ஊத்துன உறவு..."

"ஆமா. அதனாலதான் முதல் சோறு நான் கொண்டு வந்தேன்."

அவன் ஜன்னலுக்குப் போனான். காரைப் பார்த்தான். பிறகு பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு மரப்படியில் தடதடவென்று இறங்கினான். முகத்தில் நுரையோடே. வேனெரா கைத்துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கீழே யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது, மரியாதையாக, மாப்பிள்ளையை அழைப்பதுபோல. பிறகு அடுத்தடுத்துச் சத்தம். கூரைப் புறாக்கள் எழும்பி அடங்கின.

வேனெரா நடந்துபோய் நுன்சியாவின் அடுப்பை அணைத்தாள்.

"மூணு நாளைக்கு மூட்டாதீங்க," என்றாள்.

நுன்சியா கதறவில்லை. மாவுக் கையோடு சுவரில் சாய்ந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் கேட்டேன்," என்றாள், தரையைப் பார்த்தபடி. "விடிகாலையில எழுப்பி, கோழி ஒண்ணு ஏத்து, செத்த வீட்டுக்குப் போகணும்னாரு. யாரு செத்தான்னு கேட்டேன். மத்தியானம் தெரியும்னாரு. உங்க வீட்டு ஜன்னல்ல வெளக்கு எரிஞ்சுது. கஸ்பாரே தலைமுடி சீவிக்கிட்டு நின்னாரு, இவரு அதையே பாத்துக்கிட்டிருந்தாரு. எனக்குப் புரிஞ்சுது கும்மாரி. தெருவைக் கடந்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." கையில் ஒட்டிய மாவை உருட்டினாள். "நான் கசடு எடுத்துக்கிட்டிருந்தேன்."

வேனெரா வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளிர்காலம் முழுக்கக் கட்டிக்காத்து, கடைசி முடிச்சுவரை போட்டு முடித்ததாக நினைத்த ஒன்று அவள் கையிலேயே அவிழ்ந்தது. பாத்திரத்தைத் தூக்கி அவள் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த நுன்சியாவின் பிள்ளைகள் விழித்துக்கொண்டு அழத் தொடங்கின.

"பிள்ளைங்களுக்கு ஊத்திக் குடுங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் இருந்த சட்டி எல்லாவற்றையும் இறக்கிப்போட்டு மாலைவரை துலக்கினாள்.

மதுவிலக்கு ஒழிந்து, அண்டாவைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோன பிறகும் இருவரும் அதே வீடுகளில்தான் இருந்தார்கள். வேனெரா மறுபடி பொத்தான் தைத்தாள். நுன்சியா மிட்டாய்த் தொழிற்சாலைக்குப் போனாள். பூசையில் ஒரே வரிசையில் உட்காருவார்கள், "கும்மாரி" என்பார்கள், அதற்குமேல் பேச்சு இல்லை.

நீலப் பாத்திரத்தை நுன்சியா மறுபடி அடுப்பில் ஏற்றவில்லை. மண் நிரப்பித் துளசிபோல் மணக்கும் பசிலிக்கோச் செடி ஒன்றை நட்டு, வேனெராவின் ஜன்னலைப் பார்த்தாற்போல் வைத்துவிட்டாள். கோடை தவறாமல் அது தழைத்தது. செத்த வீட்டுக்குப் போன பாத்திரத்தைக் கொடுத்தவள்தான் போய் வாங்கிவர வேண்டும். வேனெரா போகவில்லை. ஆனால் காலையில் ஜன்னலைத் திறந்ததும் அவள் கண் முதலில் போவது அங்கேதான். அந்தச் செடிக்கு நுன்சியா தண்ணீர் ஊற்றியிருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் காப்பிக்கு அடுப்பைப் பற்றவைப்பாள்.